மோட்டாரைக் காக்கும் ரிலே: வாங்குவது முதல் பொருத்துவது வரை

கவலை மாடுகளும் ஏற்றமும் கொண்டு நீர் இறைத்த காலம் நமது கிராமங்களில் மறைந்து நெடுநாளாகிவிட்டது. 1932-ஆம் ஆண்டில் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1957-ஆம் ஆண்டில் மின்சார வாரியம் அமைக்கப்பட்டது. அதன் பின்னர் மின்கம்பிகள் சிற்றூர்கள்தோறும் பரவின. இன்று வயற்கிணற்றில் ஒரு மோட்டாரும், பஞ்சாயத்தின் மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் ஆழ்துளைக் கிணற்றில் மற்றொரு மோட்டாரும் இல்லாத ஊரைக் காண்பது அரிது.

ஆயினும், மோட்டாருக்கு நாம் அளிக்கும் கவனத்தை அதனைக் காவல் காக்கும் சிறு கருவிக்கு அளிப்பதில்லை. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் கைக்கு அடக்கமாக அமர்ந்திருக்கும் அக்கருவிக்கு 'ரிலே' என்று பெயர். கோடையில் வயல் மோட்டார் எரிந்தால் பயிர் வாடும். பஞ்சாயத்து மோட்டார் எரிந்தால் ஊரே குடத்தை ஏந்தி அலையும். மின்கசிவைக் கண்டறியும் ரிலே வேலை செய்யத் தவறினால் மனித உயிருக்கே ஆபத்து நேரிடும். ஆகவே, ரிலேயைத் தேர்ந்து வாங்குதல், பத்திரப்படுத்துதல், பொருத்துதல், பேணுதல் ஆகிய நான்கையும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் அவசியம்.

பியூஸ் இருக்க ரிலே எதற்கு?

'பியூஸ் போட்டிருக்கிறோமே, அது போதாதா?' என்று பலர் கேட்கின்றனர். மோட்டார் புறப்படும் கணத்தில், அது வழக்கமாக ஓடும்போது எடுக்கும் மின்சாரத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு வரை எடுக்கும். அந்தப் புறப்பாட்டு வேகத்தைத் தாங்கும் அளவுக்குப் பியூஸ் கம்பி தடித்ததாக இருக்கவேண்டும். இல்லாவிடில் ஒவ்வொரு முறையும் அது எரிந்து போகும். அவ்வளவு தடித்த கம்பி, ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் ஒன்றரை மடங்கு மின்சாரம் எடுத்தாலும் அசையாது. ஆனால் மோட்டாரின் சுருளோ அந்த ஒன்றரை மடங்கிலேயே சூடேறிக் கருகிவிடும். கம்பிகள் ஒன்றோடொன்று மோதும் பெருந்தீங்கைத் தடுப்பது பியூசின் வேலை. மெல்ல மெல்லச் சூடேற்றி அழிக்கும் தீங்கைத் தடுப்பது ரிலேயின் வேலை.

சாதாரண ஓவர்லோடு ரிலேயினுள் இருவேறு உலோகத் தகடுகளை ஒட்டிச் செய்த பட்டைகள் இருக்கின்றன. சூடேறும்போது ஓர் உலோகம் மிகுதியாகவும் மற்றது குறைவாகவும் நீளுவதால் பட்டை வளைகிறது. மோட்டாருக்குச் செல்லும் மின்சாரம் இப்பட்டையைச் சூடேற்றுகிறது. மின்சாரம் அளவுக்கு மிஞ்சினால் பட்டை மேலும் வளைந்து ஒரு சிறு நெம்புகோலைத் தள்ளும். உடனே கான்டாக்டரின் காயிலுக்குச் செல்லும் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, கான்டாக்டர் விடுபட, மோட்டார் நின்றுவிடும். இதனையே 'ரிலே டிரிப் ஆயிற்று' என்கிறோம்.

நால்வகைக் காவல்

ரிலேக்களில் பல வகைகள் உண்டு. நமது கிணறுகளில் உபயோகமாகின்றவை முக்கியமாக நான்கு.

முதலாவது, மேற்சொன்ன ஓவர்லோடு ரிலே. பம்பில் மணல் அடைத்தாலும், பேரிங் தேய்ந்து இறுகினாலும், மின்னழுத்தம் மிகவும் தாழ்ந்தாலும் மோட்டார் மிகுதியான மின்சாரம் எடுக்கும். அவ்வேளைகளில் இது காக்கும்.

இரண்டாவது, மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை அறுந்தால் மோட்டாரை நிறுத்தும் ரிலே. இதனைச் 'சிங்கிள் பேஸ் பிரிவென்டர்' என்பர். இதில் மின்னழுத்தத்தைப் பார்த்துச் செயற்படுவது ஒரு வகை. மின்னோட்டத்தைப் பார்த்துச் செயற்படுவது மற்றொரு வகை. முன்னது ரிலேக்கு முன்னால், அதாவது கம்பத்துப் பக்கம், முனை அறுந்தால் மட்டுமே அறியும். ரிலேக்கும் மோட்டாருக்கும் இடையில் கேபிள் அறுந்தால் அதற்குத் தெரியாது. பின்னது இரண்டையும் அறியும். கிணற்றுக்குள் நீண்ட கேபிள் இறங்கும் நீர்மூழ்கி மோட்டாருக்குப் பின்னதே ஏற்றது.

மூன்றாவது, கிணற்றில் நீர் வற்றினால் மோட்டாரை நிறுத்தும் ரிலே. நீரின்றி ஓடும் பம்பு குறைவான மின்சாரமே எடுக்கும். ஆகையால் ஓவர்லோடு ரிலே அதனைக் கண்டுகொள்ளாது. நீராலேயே குளிர்ச்சி பெறும் நீர்மூழ்கி மோட்டாரோ அதற்குள் சூடேறிக் கெடும்.

நான்காவது, மின்கசிவு ரிலே. மோட்டாருக்குச் செல்லும் கம்பிகள் எல்லாம் ஒரு வளையத்தின் வழியாகச் செல்லும். சென்ற மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சமமாக இருக்கும்வரை வளையம் அமைதியாக இருக்கும். சிறிதளவு மின்சாரம் மனித உடல் வழியாகவோ ஈரமண் வழியாகவோ தரைக்குப் போய்விட்டால், கணக்கு ஒத்துவராமற் போவதை வளையம் உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆளின் உயிரைக் காக்கவேண்டுமாயின் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே செயற்படும் சாதனம் தேவை. 300 மில்லி ஆம்பியர் போன்ற பெரிய அளவுள்ளவை தீ விபத்தைத் தடுக்க உதவுமேயன்றி, தொட்டவரை நேரே காக்கமாட்டா.

ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது என்பதை மறவாதிருத்தல் வேண்டும். ஓவர்லோடு ரிலே இருக்கிறதென்று நம்பி, கசிவுள்ள இரும்புப் பெட்டியை ஈரக்கையால் தொட்டவரை அந்த ரிலே காப்பாற்றாது.

வாங்கும்போது

மோட்டாரின் பெயர்த் தகட்டில் பொறித்துள்ள ஆம்பியரை எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்லவேண்டும். அந்த ஆம்பியர், ரிலேயின் டயலில் உள்ள குறைந்த எண்ணுக்கும் மிகுந்த எண்ணுக்கும் நடுவில் அமையவேண்டும். '5 குதிரைத்திறனுக்கு ஒன்று கொடுங்கள்' என்று மட்டும் கேட்பது தவறு. ஒரே குதிரைத்திறனுள்ள மோட்டார்களிலும் நீர்மூழ்கி மோட்டாருக்கும் தரைமேல் மோட்டாருக்கும் ஆம்பியர் வேறுபடும். ஸ்டார்ட்டரில் உள்ள கான்டாக்டர் காயில் 230 வோல்ட்டில் வேலை செய்வதா, 415 வோல்ட்டில் வேலை செய்வதா என்பதையும் குறித்துச் செல்லவேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள பொருளையே கேட்டு வாங்குதல் நன்று. உள்ளிருக்கும் விளக்கத் தாளைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாகாது. பொருத்துபவருக்கு அதுவே வழிகாட்டி.

பத்திரப்படுத்துதல்

எங்கள் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், மாற்றுக்கென வாங்கிய ஓவர்லோடு ரிலேயை, பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, சிமெண்டு மூட்டைகள் அடுக்கிய அறையில் அப்படியே வைத்துவிட்டனர். ஒரு மழைக்காலம் கழிந்தது. அடுத்த கோடையில் பழைய ரிலே கெட்டபோது அதனை எடுத்துப் பொருத்தினர். வெளித்தோற்றத்தில் குறையேதும் இல்லை. உள்ளேயோ சிமெண்டுத் தூள் ஈரத்தில் இறுகி நெம்புகோலைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு முனை அறுந்த அன்று ரிலே அசையவில்லை, மோட்டார் எரிந்தது. மோட்டாரைக் கிணற்றிலிருந்து தூக்கிச் சுருள் சுற்றி மீண்டும் இறக்குவதற்குள் எட்டு நாட்கள் சென்றன. அதுவரை ஊரார் வயற்கிணறுகளுக்கு நடந்து நீர் சுமந்தனர். அலமாரியில் ஓரடி இடம் ஒதுக்கியிருந்தால் இத்தனை துன்பமும் நேர்ந்திராது.

எனவே பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுதல் வேண்டும்:

1. பொருத்தும் நாள்வரை ரிலே தன் சொந்தப் பெட்டியிலேயே இருக்கட்டும். ஈரத்தை உறிஞ்சும் மணிகள் கொண்ட சிறு பை உள்ளே இருந்தால் அதனை எறிந்துவிடக் கூடாது.

2. தரையிலும் சுவரோரத்திலும் வைக்காமல், மூடிய அலமாரியின் மேற்தட்டில் வைக்கவேண்டும். உரம், பூச்சிமருந்து, சிமெண்டு, பாட்டரி அமிலம் ஆகியவை உள்ள அறை ஆகாது. உர ஆவியும் அமில ஆவியும் செம்பையும் வெள்ளியையும் அரிக்கும்.

3. ரிலேயின் மேல் கனமான பொருள்களை அடுக்கலாகாது. கீழே விழுந்த ரிலேயை, உடையவில்லை என்ற காரணத்தால் பொருத்திவிடக் கூடாது. உள்ளே பட்டையின் அமைப்பு பிசகியிருக்கலாம். சோதித்த பின்னரே உபயோகிக்க வேண்டும்.

4. தூக்கும்போது உடற்பகுதியைப் பிடித்துத் தூக்கவேண்டும். கம்பி முனைகளைப் பிடித்துத் தூக்கலாகாது.

5. மின்னணு ரிலேக்களின் உள்ளே உள்ள அட்டையை விரலால் தொடக்கூடாது. வறண்ட நாட்களில் நமது உடலில் சேரும் நிலைமின்சாரமே அதிலுள்ள நுண்ணிய பாகங்களைக் கெடுக்கப் போதுமானது. அவை வந்த தனிப்பையிலேயே அவற்றை வைத்திருக்கவேண்டும்.

6. மின்னணு ரிலேயை ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடத்தினால் அதிலுள்ள சிலவகை மின்தேக்கிகள் தளர்ந்துவிடும். விளக்கத் தாளில் கூறியுள்ள கால இடைவெளியில் மின்சாரம் கொடுத்துப் பார்த்தல் நலம். முன்னர் வாங்கியதை முன்னர் உபயோகிக்கும் வகையில், வாங்கிய தேதியைப் பெட்டியின்மேல் எழுதிவைக்கவேண்டும்.

பொருத்துமுன்

ரிலே பொருத்துவது உரிமம் பெற்ற வயர்மேனின் வேலை. உரிமையாளரும் தொட்டி இயக்குபவரும் அவர் முறையாகச் செய்கிறாரா என்று பார்க்கத் தெரிந்திருந்தால் போதும்.

முதலில் மெயின் சுவிட்சை நிறுத்தி, மூன்று பியூஸ் கட்டைகளையும் கழற்றி, வேலை செய்பவர் தம் பையிலேயே வைத்துக்கொள்ளவேண்டும். 'ஆள் வேலை செய்கிறார். மின்சாரம் போடாதீர்' என்று எழுதிய பலகையைத் தொங்கவிடவேண்டும். ஆட்டோ ஸ்டார்ட்டர் உள்ள இடங்களில் இது மிகவும் முக்கியம். மின்வெட்டு நேரத்தில் வேலை செய்துகொண்டிருக்கையில் மின்சாரம் திரும்பினால், எவரும் தொடாமலே மோட்டார் புறப்பட்டுவிடும். மின்சாரம் இல்லாத நேரம் பார்த்து வேலை செய்வது பாதுகாப்பாகாது. மின்சாரத்தைத் துண்டித்து வேலை செய்வதே பாதுகாப்பு.

அதன்பின், மூன்று முனைகளிலும் தனித்தனியே மின்சாரம் இல்லை என்று சோதிக்கவேண்டும். சோதிக்கும் கருவியை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்து, அது வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டே நம்பவேண்டும். கண்டென்சர் இணைத்திருந்தால், சுவிட்சை நிறுத்திய பின்னும் சிறிது நேரம் அதில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பொருத்தும் முறை

ஸ்டார்ட்டர் பெட்டி நேராகச் சுவரில் நிற்கவேண்டும். ரிலேயை விளக்கத் தாளில் காட்டியுள்ள நிலையிலேயே பொருத்தவேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ இருந்தால் அதன் கணக்குப் பிசகலாம். நேர்வெயில் படும் இரும்புப் பெட்டி நண்பகலில் அடுப்பைப் போலச் சுடும். அச்சூட்டில் ரிலே காரணமின்றி விழும். பெட்டிக்கு மேல் நிழற்கூரை அமைப்பது எளிய பரிகாரம்.

கம்பிமுனைகளைச் சுத்தமாகச் சுரண்டி, திருகுகளை உறுதியாக இறுக்கவேண்டும். தளர்ந்த திருகு சூடேறும்; அச்சூடு ரிலேயின் பட்டைக்குச் சென்று பொய்யாக விழச் செய்யும்; நாளடைவில் அம்முனையே கருகி அறுந்து மோட்டாரையும் கெடுக்கும். கேபிள் நுழையும் துளைகளை அடைக்கவேண்டும். எறும்பும் பல்லியும் பெட்டிக்குள் புகுந்து தொடுமுனைகளுக்கிடையே சிக்குவது நம் ஊர்களில் சாதாரணமாகக் காணும் காட்சி.

நேரடி ஸ்டார்ட்டரில் ரிலேயின் டயலை மோட்டார்த் தகட்டின் ஆம்பியருக்கே வைக்கவேண்டும். ஸ்டார்-டெல்ட்டா ஸ்டார்ட்டரில் ரிலே பெரும்பாலும் மோட்டாரின் சுருளுக்குச் செல்லும் பகுதியில் அமைவதால், தகட்டின் ஆம்பியரில் 0.58 பங்கே வைக்கவேண்டும். தகட்டில் 15 ஆம்பியர் இருந்தால் டயலில் 8.7 ஆம்பியர். இதனை அறியாமல் 15-இல் வைத்தால் ரிலே இருந்தும் இல்லாதது போலாகும்.

மின்கசிவு ரிலேயின் வளையத்துக்குள் மும்முனைக் கம்பிகளும், நியூட்ரல் இருப்பின் அதுவும், சேர்ந்தே செல்லவேண்டும். எர்த் கம்பி அதற்குள் செல்லலாகாது. மும்முனை மோட்டாரின் உடலுக்குத் தனித்தனியான இரண்டு எர்த் இணைப்புகள் கட்டாயம் வேண்டும். எர்த் குழியில் நீர் ஊற்றி ஈரம் காப்பதும் நம் கடமை.

மெக்கர் கொண்டு கேபிளைச் சோதிப்பதானால், மின்னணு ரிலேயை முதலிற் கழற்றிவிட வேண்டும். 500 வோல்ட் சோதனை அதனை ஒரு நொடியில் பாழாக்கிவிடும். கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் பெரிய மோட்டார்களில் மின்னோட்ட மாற்றி மூலம் ரிலே இணைக்கப்பட்டிருக்கும். மோட்டார் ஓடும்போது அம்மாற்றியின் ரிலே பக்கத்துக் கம்பியை ஒருபோதும் அவிழ்க்கலாகாது. அவிழ்த்தால் அம்முனைகளில் உயிர்போக்கும் மின்னழுத்தம் தோன்றும்.

பொருத்திய பின்

ஓவர்லோடு ரிலேயிலும் மின்கசிவு ரிலேயிலும் சோதனைப் பொத்தான் உண்டு. மோட்டார் ஓடும்போது அதனை அழுத்தினால் மோட்டார் நிற்கவேண்டும். நிற்காவிடில் காவல் இல்லை என்று பொருள். அன்றே வயர்மேனை அழைக்கவேண்டும். மாதம் ஒரு முறை இச்சோதனையைச் செய்து தேதியைக் குறித்துவைத்தல் நன்று.

ரிலேயில் தானே மீளும் நிலை, கையால் மீட்கும் நிலை என இரண்டு இருக்கும். பம்புகளுக்குக் கையால் மீட்கும் நிலையே தகும். ஆட்டோ ஸ்டார்ட்டருடன் தானே மீளும் நிலையில் வைத்தால், குறை தீராமலே மோட்டார் நின்று நின்று ஓடி முடிவில் எரியும். பழுது பார்க்கக் குனிந்தவர் மீதே திடீரெனப் புறப்படவும் கூடும்.

ரிலே விழுந்தால் என்ன செய்வது?

இனிச் சொல்லப்போவதே இக்கட்டுரையின் சாரம். ரிலே அடிக்கடி விழுந்தால் நம்மில் பலர் ரிலேயைக் குற்றம் சொல்லுகின்றனர். சிலர் டயலைக் கூட்டுகின்றனர். சிலர் ஒரு துண்டுக் கம்பியால் ரிலேயை வளைத்துக் கட்டிவிடுகின்றனர். இருமுனை மின்சாரம் மட்டுமே வரும் வேளையில் கண்டென்சர் வைத்து மும்முனை மோட்டாரை ஓட்டுவதற்காக ரிலேயை விலக்கிவைப்போரும் உண்டு. நாய் குரைக்கிறதென்று அதன் வாயைக் கட்டிவிட்டுத் தூங்குவதற்கு இது ஒப்பாகும்.

டயலைக் கூட்டுவதால் வரும் கேட்டை ஒரு கணக்கால் விளக்கலாம். தகட்டில் 7.5 ஆம்பியர் பொறித்த மோட்டார் ஒன்று முழுச்சுமையில் ஓடுகிறது. ஒரு முனை அறுந்தால் மற்ற இரண்டிலும் மின்னோட்டம் ஏறத்தாழ 1.73 மடங்காகி 13 ஆம்பியரைத் தொடும். டயல் 7.5-இல் இருந்தால் ரிலே சில நிமிடங்களுக்குள் மோட்டாரை நிறுத்திவிடும். டயலை 12-க்குக் கூட்டியிருந்தால், 13 ஆம்பியர் என்பது ரிலேயின் கண்ணுக்கு 8 விழுக்காடு மிகுதி மட்டுமே. அத்துணைச் சிறு மிகுதியை அது பொருட்படுத்தாது. 20 விழுக்காடு மிகுந்தாலும்கூட விழுவதற்கு 2 மணி நேரம் வரை எடுத்துக்கொள்ள இவ்வகை ரிலேக்களின் தர நியதி இடமளிக்கிறது. அதற்குள் சுருள் கருகிவிடும்.

ஆகவே ரிலே விழுந்தால், உடனே பொத்தானை அழுத்தாமல் சில நிமிடங்கள் ஆறவிடவேண்டும். மூன்று முனைகளிலும் மின்சாரம் வருகிறதா, மின்னழுத்தம் தாழ்ந்திருக்கிறதா, பம்பு எளிதாகச் சுழலுகிறதா, திருகு ஏதேனும் சூடேறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். காரணம் கண்டு நீக்கியபின் ஒரு முறை ஓட்டலாம். மறுபடியும் விழுந்தால் வயர்மேன் வரும்வரை காத்திருப்பதே அறிவுடைமை. மின்கசிவு ரிலே விழுந்திருந்தால், பெட்டியையோ குழாயையோ தொடாமல் மெயினை நிறுத்திவிட்டு விலகி நிற்கவேண்டும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

ஒவ்வொரு பஞ்சாயத்தும் தனது ஒவ்வொரு மோட்டாருக்கும் ஏற்ற ரிலே ஒன்றை மாற்றாக இருப்பில் வைத்து, இருப்புப் பதிவேட்டில் ஆம்பியர் அளவுடன் பதிவு செய்யலாம். ஸ்டார்ட்டர் பெட்டியின் கதவு உட்புறத்தில் மோட்டாரின் ஆம்பியர், டயல் வைக்கவேண்டிய எண், வயர்மேனின் தொலைபேசி எண் ஆகிய மூன்றையும் பெயிண்டால் எழுதிவைக்கலாம். தொட்டி இயக்குபவர் ரிலே விழுந்த நாள், நேரம், கண்ட காரணம் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வரலாம். பத்து வரிகள் சேர்ந்த பின் அந்த நோட்டே எங்கே பழுது என்பதைச் சொல்லிவிடும். கிராம சபை கூடும் நாட்களில் இந்நோட்டையும் சபையின்முன் வைத்தால், குடிநீர் தடைப்படுவதன் காரணத்தை மக்களும் அறிவர். ரிலேயைக் கட்டிவிட்டு ஓட்டும் வழக்கமும் குறையும்.

புதிய ரிலேயின் விலையையும், எரிந்த மோட்டாரைத் தூக்கிச் சுருள் சுற்றி இறக்கும் செலவையும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால் எது மலிவு என்பது எவருக்கும் விளங்கும். உயிருக்கு மட்டும் அத்தாளில் எழுத விலை கிடையாது. இந்த வாரத்திலேயே தத்தம் ஸ்டார்ட்டர் பெட்டியை வயர்மேனைக் கொண்டு மின்சாரத்தைத் துண்டித்துத் திறந்து பார்த்து, ரிலே இருக்கிறதா, கட்டப்படாமல் இருக்கிறதா, டயல் சரியான எண்ணில் நிற்கிறதா என்று சோதித்துக்கொள்ளுமாறு அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.